கிளிப்பில் 100 இருக்கும்போது மணிக்கட்டில் ஏன் குத்தினார்கள்?

கேள்வி, கோபியிலிருந்து ஒரு வாசகி, மார்ச் 3

எங்க அம்மாயிக்குக் குடல் ஆபரேஷன். நாலு மணி நேரம் தியேட்டருக்குள். விரலில் ஆக்ஸிஜன் கிளிப் மாட்டியிருந்தார்கள், கடைசி வரைக்கும் 100 தான் இருந்தது என்று நர்ஸம்மாவே சொன்னார். அப்புறம் எதுக்குங்க மணிக்கட்டில் வேறு குத்திக் குத்தி ரத்தம் எடுத்திருக்கிறார்கள்? கை கன்றிப்போய் நீலமாகக் கிடக்கிறது. பில்லில் ஏபிஜி என்று தனிக் கணக்கு. இது தேவையா, இல்லை பில்லை ஏற்றுகிற வேலையா?

மார்ச் 3, இரவு

தேவைதான். ஏபிஜி என்பது மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஆக்ஸிஜன், கரியமில வாயு எல்லாம் எவ்வளவு என்று பார்க்கிற பரிசோதனை. பில் நியாயமா என்பது வேறு கதை, அதற்குள் நான் போகவில்லை. ஈரோடு, கோபி, பவானி என்று கூப்பிடுகிற நர்சிங் ஹோமுக்கெல்லாம் போய் மயக்க மருந்து கொடுக்கிற ஆள் நான், அதனால் குத்துகிற கையின் பக்கமிருந்து சொல்கிறேன்.

விரல் கிளிப் சொல்வது ஒன்றே ஒன்று. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பது. 100 தான் உச்சம், அதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கிற நல்ல நுரையீரலில் தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அழுத்தம் 80இலிருந்து 100 மி.மீ. (பி.பி. போலவே பாதரச அளவு) வரை இருக்கும். தியேட்டரில் நாங்கள் பாதிக்குப் பாதி ஆக்ஸிஜன் கலந்து கொடுக்கும்போது அதே நுரையீரலில் 200ஐத் தாண்ட வேண்டும். தாண்டாமல் 110இல் நின்றால் நுரையீரலில் ஏதோ சரியில்லை, அடிப்பக்கம் சுருங்கிப் போயிருக்கலாம், சளி அடைத்திருக்கலாம். ஆனால் 110க்கும் கிளிப் 98, 99 என்றுதான் காட்டும், 250க்கும் 100 என்றுதான் காட்டும். வித்தியாசத்தைத் தமனி ரத்தம்தான் சொல்லும்.

அதோடு போகவில்லை. அந்த ஒரு மில்லி ரத்தத்தில் பி.எச். தெரியும் (ரத்தம் அமிலமா காரமா என்கிற அளவு, 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டியது), கரியமில வாயு தெரியும் (35 முதல் 45), பைகார்பனேட் தெரியும், பெரும்பாலான மெஷின்களில் பொட்டாசியம், ஹீமோகுளோபின், லாக்டேட் எல்லாம் சேர்ந்தே வரும். குடல் ஆபரேஷனில் நான் முதலில் பார்ப்பது லாக்டேட், ஆக்ஸிஜன் போதாத திசுவிலிருந்து ரத்தத்தில் சேர்கிற பொருள். குடலுக்கு ரத்த ஓட்டம் போகவில்லை, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றால் அது 2ஐத் தாண்டி ஏற ஆரம்பிக்கும். அப்போதும் கிளிப் 100 காட்டிக்கொண்டே இருக்கும்.

மார்ச் 4, காலை

கை நீலம் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. தமனியில் குத்தினால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், ரத்தம் இளகுகிற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கூட. அவசரத்தில் ஒரு பஞ்சை வைத்து பிளாஸ்டர் ஒட்டிவிட்டுப் போனால் உள்ளே கட்டிக்கொள்ளும். பத்துப் பதினைந்து நாளில் பச்சை, மஞ்சள் என்று மாறிக் கரைந்துவிடும். ஆனால் விரல்கள் வெளுத்துப்போனாலோ, சில்லென்று இருந்தாலோ, மரத்துப்போனாலோ உடனே காட்டுங்கள், காத்திருக்க வேண்டாம்.

நாலு மணி நேர ஆபரேஷன் என்று முன்கூட்டியே தெரிந்தால் தமனியில் ஒரு சின்னக் குழாயைப் போட்டு வைத்துவிடுவது நல்லது. திரும்பத் திரும்பக் குத்த வேண்டாம், ரத்த அழுத்தமும் துடிப்புக்குத் துடிப்பு திரையில் ஓடும். ஏன் போடவில்லை என்று கேட்டால் தப்பில்லை, கேளுங்கள்.

மார்ச் 4, பொழுதோட

பெருந்துறைக்காரர் ஒருவர் "கிளிப் 100 இருந்தால் மூச்சு நன்றாகப் போகிறது என்றுதானே அர்த்தம்" என்கிறார். இல்லை. இந்த இழையில் ஒன்றே ஒன்றைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஆக்ஸிஜன் அளவு வேறு, மூச்சு வேறு.

தோட்டத்தில் போர் மோட்டார் நின்றுபோனாலும் மேல்தொட்டி தீரும்வரை குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். குழாயைப் பார்த்துவிட்டு மோட்டார் ஓடுகிறது என்று சொல்ல முடியுமா? கிளிப் பார்ப்பது குழாயை.

மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் மூக்கிலும் வாயிலும் மாஸ்க்கை இறுக்கி வைத்து மூன்று நிமிடம் சுத்த ஆக்ஸிஜன் கொடுக்கிறோமே, அது தொட்டியை நிரப்புகிற வேலைதான். நிரப்பாமல் மூச்சை நிறுத்தினால் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் கிளிப் சரியும். நிரப்பிவிட்டால் திடகாத்திரமான ஆளுக்கு எட்டு நிமிடம் கூடத் தாங்கும். குண்டானவர், கர்ப்பிணி, குழந்தை என்றால் அவ்வளவு தாங்காது, பாதிகூடத் தாங்காது. அந்த நிமிடங்களில் ஆள் ஒரு மூச்சும் விடவில்லை, கிளிப் 100 காட்டுகிறது. கரியமில வாயு மட்டும் முதல் நிமிடத்திலேயே பத்து மி.மீ. அளவுக்கு ஏறி, அப்புறம் நிமிடத்துக்கு மூன்று நான்கு என்று ஏறிக்கொண்டே போகும். சரிய ஆரம்பித்த பிறகும் விரலுக்குச் சேதி வந்துசேர அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும், கை சில்லிட்டிருந்தால் இன்னும் தாமதம்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த பிறகுதான் இது அதிகம் ஏமாற்றும். வலிக்கு மார்ஃபினோ ஃபென்டனைலோ கொடுத்திருக்கும், மூக்கில் ஆக்ஸிஜன் ஓடும், நோயாளி குறட்டை விட்டுத் தூங்குவார், கிளிப் 99. "நல்லாத் தூங்கறாருங்க டாக்டர்" என்று சொந்தக்காரர் சந்தோஷமாகச் சொல்வார். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஒரு ஹெர்னியா கேஸில் அப்படி இருந்தவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கரியமில வாயு 78. எழுப்பினால் எழுந்து பேசினார், விட்டால் மறுபடி மயங்கினார். மூச்சை மந்தமாக்கிய அந்த வலி மருந்தை முறிக்கிற மருந்து கொடுத்த பிறகு, என்னை ஏன் எழுப்பினீர்கள் என்று சண்டைக்கு வந்தார்.

மார்ச் 6

"அப்போ கிளிப் வேஸ்ட்டுங்களா, கொரோனாவில் 2000 ரூபாய் கொடுத்து வாங்கினேன், பீரோவில் கிடக்கிறது" என்று திருப்பூர் அண்ணா ஒருவர். வேஸ்ட் இல்லைங்க அண்ணா. கிளிப் இல்லாத காலத்தில் உதடு நீலமாகிறதா, வெட்டிய இடத்தில் ரத்தம் கருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். கண்ணுக்கு நீலம் தெரிகிறபோது அளவு 80 பக்கம் இறங்கியிருக்கும், நோயாளி கறுத்த தோல்காரர் என்றால் இன்னும் தாமதம். கிளிப் 94இலேயே கத்திவிடும்.

அது பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் நிஹோன் கோடன் கம்பெனியில் தகுவோ அயோயாகி என்ற எஞ்சினியர், இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று ஒளியை வைத்து அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை ஒழிக்க உட்கார்ந்தவருக்கு, துடிக்கிற பங்கை மட்டும் தனியே பிரித்தால் அது தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜனைச் சொல்லிவிடும் என்று பிடிபட்டது. 1974இல் வெளியே சொன்னார். இன்றைக்கு உங்கள் பீரோவில் கிடப்பதும் அதே கணக்குதான்: 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி ஒன்று, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒன்று, துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்குகிற பங்கு எவ்வளவு என்று பார்ப்பது. அவர் 2020 ஏப்ரலில் காலமானார், உலகம் முழுக்க கிளிப்புக்கு அடித்துக்கொண்ட அதே மாதம்.

துடிப்பு வேண்டும் என்பதால்தான் பி.பி. பட்டை கட்டிய கையிலேயே கிளிப்பை மாட்டக்கூடாது. பட்டை ஊதும்போதெல்லாம் எண் காணாமல் போய் அலாரம் அடிக்கும், வெளியே நிற்கிற சொந்தக்காரர்களுக்குப் பாதி உயிர் போய்விடும்.

மார்ச் 6, கூடவே

மருதாணி கேட்டவருக்கு: சிவப்பு மருதாணி பெரிய தொல்லை தராது. கறுப்பு மெஹந்தி, அடர் நகப்பூச்சு இரண்டும் தரும். கல்யாணம் முடிந்த மறுவாரம் குடல்வால் வலியோடு வருகிற புதுப்பெண்ணுக்குப் பத்து விரலும் கறுப்பு என்றால் காது மடலில் மாட்டிக்கொள்வோம், அழிக்கச் சொல்லி மாமியாரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள மாட்டோம்.

மார்ச் 9

மூச்சை எதை வைத்துத்தான் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். கேப்னோகிராஃப். வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கிற கருவி. மூச்சுக்குழாயில் போட்ட டியூபின் வாயிலிருந்து ஒரு மெல்லிய குழாய் நிமிடத்துக்கு 50 முதல் 200 மில்லி வரை காற்றை உறிஞ்சிக்கொண்டு மெஷினுக்குப் போகும். அகச்சிவப்பு ஒளியைக் கரியமில வாயு விழுங்கும், எவ்வளவு விழுங்கியது என்பதை வைத்து அளவு சொல்லும். வெளிவிடும் மூச்சின் கடைசியில் இருக்கிற அளவைத்தான் தியேட்டரில் ஈடிசிஓடூ என்போம்.

எண்ணை விட எனக்கு முக்கியம் திரையில் ஓடுகிற கோடு. நல்ல மூச்சு என்றால் கோடு தரையிலிருந்து விறுவிறுவென்று ஏறி, மேலே கிட்டத்தட்டத் தட்டையாகக் கொஞ்சம் நடந்து, உள்மூச்சு வந்ததும் நேராகத் தரைக்கு விழும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பெட்டி. ஏறுகிற பக்கம் சரிந்துபோய்த் தட்டையே இல்லாமல் சாய்வாக மேலே போனால் மூச்சுக்குழல் இறுகியிருக்கிறது, இளைப்பு. பல்லடம், சோமனூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து வயசானவர்களுக்கு அந்தச் சாய்வை அடிக்கடி பார்க்கிறேன், பஞ்சுத் தூசி நுரையீரலில் செய்த வேலை. லீவு முடிந்து மில்லுக்குள் நுழைகிற முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறது என்று அவர்களே சொல்வார்கள். தட்டையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தால் தசை தளர்த்துகிற மருந்து தீர்ந்து நோயாளி தானாக மூச்சிழுக்கப் பார்க்கிறார். கோடு தரையைத் தொடாமலே மேலேயே மிதந்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறார், மெஷினில் கரியமில வாயுவை உறிஞ்சுகிற சோடா லைம் தீர்ந்து ஊதா நிறமாகியிருக்கும், மாற்ற வேண்டும்.

கோடே வரவில்லை என்றால்? டியூப் மூச்சுக்குழாயில் இல்லை, உணவுக்குழாயில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அப்படியில்லை என்று நிரூபிக்கிற வரைக்கும். இங்கிலாந்தில் மயக்க மருந்து கல்லூரி இதற்கென்றே ஒரு பிரச்சாரம் நடத்தியது: கோடு இல்லையென்றால் டியூப் தப்பான இடத்தில். நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி தெரியும், ஸ்டெத்தில் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும், டியூபில் ஆவி கூடப் படியும், எல்லாமே ஏமாற்றும். வயிற்றில் சோடா கீடா இருந்தால் முதல் இரண்டு மூன்று மூச்சுக்குக் கொஞ்சம் கோடு வந்து மறையவும் செய்யும், அதனால் ஆறேழு பெட்டியாவது வரிசையாக வந்தால்தான் நான் டியூபைக் கட்டவே விடுவேன். இதெல்லாம் நடக்கும்போது கிளிப் என்ன காட்டும்? 100. தொட்டி நிரம்பியிருக்கிறதே.

மார்ச் 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, கேப்னோகிராஃப் இருந்தால் ரத்தம் எடுக்கவே வேண்டாம் என்று ஒருவர் முடிவுகட்டிவிட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அப்படிப் படிக்க இடம் இருக்கிறது, அதனால் இறுக்கிவிடுகிறேன்.

மூச்சின் கடைசியில் அளக்கும் கரியமில வாயுவும் தமனி ரத்தத்தில் இருப்பதும் ஒன்றல்ல. நல்ல நுரையீரலில் ரத்தத்தில் இரண்டிலிருந்து ஐந்து மி.மீ. வரை கூடுதலாக இருக்கும். பீடி குடித்த நுரையீரல், மில் நுரையீரல், ரத்த அழுத்தம் விழுந்த நோயாளி என்றால் இடைவெளி பதினைந்து, இருபது என்று போகும். திரையில் 36 பார்த்து நிம்மதியாக இருப்போம், ரத்தத்தில் 54 இருக்கும். நீண்ட ஆபரேஷனில் ஆரம்பத்தில் ஒரு தடவை ரத்தம் எடுத்து இடைவெளி எவ்வளவு என்று பார்த்துவைத்துக்கொண்டால் அப்புறம் திரையை அந்தக் கணக்கோடு படிக்கலாம். நடுவில் நுரையீரல் நிலைமையோ பி.பி.யோ மாறினால் அந்தக் கணக்கு செல்லாது, திரும்ப எடுக்க வேண்டும். அம்மாயிக்கு ஒரு தடவைக்கு மேல் குத்தியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

பித்தப்பையை டெலஸ்கோப்பில் எடுக்கும்போது வயிற்றுக்குள் ஊதுவதே கரியமில வாயுதான், 12 முதல் 15 மி.மீ. அழுத்தத்தில். அது ரத்தத்தில் ஊறி ஈடிசிஓடூ ஏறும், வெண்டிலேட்டரில் மூச்சு எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிப்போம். கூட்டியும் ஏறிக்கொண்டே போனால் நோயாளியின் கழுத்தையும் தோளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். தோலுக்கடியில் நறநறவென்றால் வாயு அங்கே புகுந்துவிட்டது, சர்ஜனை அழுத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டியதுதான். ஏறுவது தொல்லை, திடீரென்று விழுவது ஆபத்து. 35இலிருந்து 12க்கு விழுந்தால் வாயு ரத்தக்குழாயில் புகுந்து நுரையீரல் ஓட்டத்தை அடைத்திருக்கலாம், அல்லது இதயமே நின்றிருக்கலாம். மூச்சு போய்க்கொண்டிருக்கும், சுமந்து வருவதற்கு ரத்தம் வராது.

மார்ச் 10, ராத்திரி

ஊட்டியில் பாட்டிக்கு எப்போதும் 94 தான் காட்டுகிறது என்று பயந்தவருக்கு. ஊட்டி 2240 மீட்டர். கடல்மட்டத்தில் 760 மி.மீ. இருக்கிற காற்றழுத்தம் அங்கே 580 பக்கம், அதனால் மூச்சில் கிடைக்கிற ஆக்ஸிஜனும் குறைவு. மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிக் கூட்டிவந்து பாருங்கள், ஏறிவிடும். ஊட்டியில் எடுத்த ஏபிஜி ரிப்போர்ட்டைக் கோயம்புத்தூரில் பார்த்து ஆக்ஸிஜன் 68 என்று பதறுவதும் இதே ரகம்.

மார்ச் 13

ஏபிஜிக்கு எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்துக் கொண்டுபோகவில்லை, அதனால் ரிப்போர்ட் செல்லாது என்று லேப் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். கண்ணாடி சிரிஞ்சு காலத்துப் பாடம் அது. இப்போது வருகிற பிளாஸ்டிக் சிரிஞ்சை ஐஸில் வைத்தால் ஆக்ஸிஜன் கணக்கு கெடும், சுவர் வழியாக உள்ளே புகும். அறை வெப்பத்திலேயே வைத்து அரை மணி நேரத்துக்குள் மெஷினில் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் விட்டால் வெள்ளை அணுக்கள் ஆக்ஸிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் பைக்கில் வேறு லேபுக்குக் கொண்டுபோனால் அந்த ரிப்போர்ட்டை நான் நம்ப மாட்டேன், ஐஸ் இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி.

எடுக்கிற விதத்திலேயே பாதி போய்விடும். மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் வளைத்து, இரண்டு விரலால் துடிப்பைப் பிடித்து, அதன் மேலேயே சாய்வாக ஊசியை இறக்கினால் சரியான இடத்தில் நாம் இழுக்கவே வேண்டியதில்லை, ரத்தம் தானாகத் துடித்துத் துடித்துச் சிரிஞ்சில் ஏறும். இழுத்தால்தான் வருகிறது, நிறமும் கருஞ்சிவப்பு என்றால் சிரையில் நிற்கிறோம். எடுத்ததும் சிரிஞ்சை நிமிர்த்திக் குமிழியை வெளியேற்ற வேண்டும். கடுகளவு குமிழி இருந்தாலும் ஆக்ஸிஜன் மாறும், கரியமில வாயு குறையும். மூடியைப் போட்டு இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருட்ட வேண்டும், ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் கலக்க. திரவ ஹெப்பாரினைச் சிரிஞ்சில் தாராளமாக விட்டுவிட்டு எடுத்தால் ரத்தம் நீர்த்துப்போய் கரியமில வாயுவும் பைகார்பனேட்டும் பொய்யாகக் குறைந்து வரும். நோயாளிக்கு அமிலம் கூடிவிட்டது என்று சோடா பைகார்ப் ஏற்றக் கிளம்பிவிடுவார்கள்.

மார்ச் 14

இந்த ஏபிஜி மெஷின் எதற்காகப் பிறந்தது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1952, கோபன்ஹேகன், போலியோ. மூச்சுத் தசை செயலிழந்து குவிந்தவர்களுக்கு இரும்பு நுரையீரல் பெட்டிகள் போதவில்லை. ரத்தத்தில் பைகார்பனேட் ஏறியிருந்ததை வைத்து, காரம் கூடிவிட்டது, ஏதோ புரியாத கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மயக்க மருந்து டாக்டரான பியோர்ன் இப்சன், இது கரியமில வாயு வெளியேறாமல் தேங்கியது, மூச்சு போதவில்லை என்றார். ஆகஸ்ட் 27 அன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டு டியூப் போட்டுப் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். அப்புறம் மருத்துவ மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேல் முறைபோட்டு ராப்பகலாகப் பையை அமுக்கினார்கள். எவ்வளவு அமுக்குவது, போதுமா, கூடுதலா என்று தெரிய வேண்டுமே, அதற்காக அந்த ஊர் லேபில் பால் ஆஸ்ட்ருப் பி.எச். அளந்து கரியமில வாயுவைக் கணக்குப் போடுகிற முறையைக் கொண்டுவந்தார். அந்தப் பத்தாண்டுக்குள் அமெரிக்காவில் கிளார்க்கின் ஆக்ஸிஜன் மின்முனையும் செவரிங்ஹாஸின் கரியமில வாயு மின்முனையும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்து ஏபிஜி மெஷின் ஆயிற்று.

எல்லோரும் ஆக்ஸிஜனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இப்சன் மூச்சைப் பார்த்தார் என்பதற்காகத்தான் இந்தக் கதை.

மார்ச் 17

சின்ன நர்சிங் ஹோம்களில் இதெல்லாம் இருக்கிறதா என்ற கேள்விக்கு நேரான பதில்: எல்லா இடத்திலும் இல்லை. கிளிப் எங்கேயும் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் பார்க்க வேண்டியவை என்று 2008இல் உலக சுகாதார நிறுவனம் போட்ட பட்டியலிலும் கிளிப் மாட்டி வேலை செய்கிறதா என்ற கேள்வி இருக்கிறது. கேப்னோகிராஃப் அப்படியில்லை. நான் போகிற ஓரிடத்தில் வருஷக்கணக்காகக் கேட்டும் "அடுத்த மாசம் பார்க்கலாங்க டாக்டர்" என்பார் முதலாளி, அதே வருஷம் வரவேற்பறைக்கு கிரானைட் போட்டார். இப்போது என் கார் டிக்கியில் சொந்தமாக ஒரு சின்ன கேப்னோகிராஃப் கிடக்கிறது, தியேட்டருக்குத் தியேட்டர் அது என்னோடு வரும். உறிஞ்சுகிற குழாயில் நீர்த்துளி அடைத்துக் கோடு போய்விடும், அதனால் மாற்றுக் குழாயும் பையில் இருக்கும்.

எண்டோஸ்கோபி அறையைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். லேசாகத் தூங்க வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடுவார்கள், நெஞ்சு ஏறி இறங்குவது கூடத் தெரியாது, கிளிப்பின் சத்தம் ஒன்றுதான் துணை. மூக்குக் குழாயிலேயே கரியமில வாயுவை அளக்கிற வசதி வந்துவிட்டது. இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்னால் கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்கிறீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மார்ச் 21

தலைப்பிலிருந்து விலகிப் போகிறேன், ஆனால் நம்ம பக்கத்துக்கு இது வேண்டும். பண்ணையம் பார்க்கிறவர்கள், தோட்டத்துக்கு மருந்தடிக்கிறவர்கள், ஆபரேஷனுக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் வகை மருந்துகள் ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதியை முடக்கும். டியூப் போடுவதற்கு நாங்கள் கொடுக்கிற, தசையைத் தளர்த்துகிற சக்சினைல்கோலினை உடைப்பது அந்த நொதிதான். ஐந்து பத்து நிமிடத்தில் தீர வேண்டிய மருந்து மணிக்கணக்கில் நிற்கும்.

தாராபுரம் பக்கத்து ஆள் ஒருவர், கை எலும்பு முறிவு, சின்ன வேலை. முடிந்து மயக்க வாயுவை நிறுத்தியாயிற்று, எழுந்திருக்கவில்லை. கேப்னோகிராஃபில் வெண்டிலேட்டர் கொடுக்கிற பெட்டிகள் மட்டும் வரிசையாக வந்தன, வெண்டிலேட்டரை நிறுத்திப் பார்த்தால் கோடு தரையில். கிளிப் 100, நாடி, பி.பி. எல்லாம் ஒழுங்கு. தூக்க மருந்தைத் திரும்ப ஆரம்பித்து, அவர் உள்ளுக்குள் விழித்துக்கொண்டு அசைய முடியாமல் கிடக்கக்கூடாதே, வெண்டிலேட்டரிலேயே வைத்திருந்தோம். வெளியே வந்து சம்சாரத்திடம் கேட்டால், "ஆமாங்க, நாலஞ்சு நாளா தக்காளிக்கு அடிச்சுட்டு இருந்தாருங்க, அதுக்கும் கைக்கும் என்னங்க" என்றார். சாயங்காலம்தான் கோட்டில் சின்னச் சின்ன மேடுகள் தாமாக எழும்ப ஆரம்பித்தன. மேடு பெட்டியாகிற வரைக்கும் டியூபை எடுக்கவில்லை.

மார்ச் 22

சத்திக்காரருக்கு: மருந்தடித்து எத்தனை நாள் ஆகியிருந்தால் சொல்ல வேண்டாம் என்று கணக்குக் கேட்காதீர்கள். நொதி பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். பேர் ஞாபகம் இல்லையென்றால் டப்பா லேபிளை போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். அடித்தது வெறும் வேப்பெண்ணெய் என்றாலும் சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் இடம் நிறைய இருக்கிறது.